பழைய மாமனார்

மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ள உலகத்தில் மொத்தமே மூன்று விஷயங்கள்தான் உண்டு. வெயில் எப்படி, வண்டி எப்படி, உடம்பு எப்படி. அதற்கு மேல் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்று இரண்டு தரப்பும் நினைத்துக்கொள்ளும். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த மனிதரும் அவருடைய மாப்பிள்ளையும் இந்த மூன்றை வைத்தே பல வருஷங்களை ஓட்டிவிட்டார்கள். பிறகு மகள் மாப்பிள்ளையைப் பிரிந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். கோர்ட்டில் தீர்ப்பும் ஆகிவிட்டது. பேசுவதற்கு இருந்த மூன்று விஷயங்களும் அதோடு முடிந்தன.

பிரிவில் யார் பக்கம் தப்பு என்று வேன்காரருக்குத் தெரியாது. மகளிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். "அவர் கெட்டவர் இல்லப்பா. என்னால முடியல, அவ்வளவுதான்" என்றாள். அதற்கு மேல் அவளுடைய வாயைப் பிடுங்க அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி இருந்திருந்தால் பக்குவமாகப் பிடுங்கியிருப்பாள். அவள் காலமான பிறகு அந்த வீட்டில் அதிகம் பேசுவது சமையலறைக் குழாய்தான் என்று ஆகிவிட்டது. அதையும் சரிசெய்ய ஆள் கூப்பிடாமல் சொட்டட்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது வேன் சந்தைக்கடைதான். பள்ளிக்கூட வாசலில் கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு சட்டென்று ஒரு அமைதி வரும். பென்சில் சீவிய வாசனையும் யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலுறையும் மட்டும் மிச்சம். மற்ற டிரைவர்கள் மரத்தடியில் சீட்டாடுவார்கள். அவரையும் கூப்பிடுவார்கள். எனக்கு ஆடத் தெரியாது என்பார். தெரியும். ஆனால் சீட்டாட்டத்தில் வீட்டுக் கதை பேசுவார்கள், அதற்குப் பயந்துதான் சொல்லிவந்தார். சாயங்காலம் மணி அடிக்கும்வரை வேனுக்குள்ளேயே பழைய பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாளில், மத்தியான வேளையில், வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை. தீர்ப்புக்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. இளைத்திருந்தார். சட்டை மட்டும் இஸ்திரி போட்டு மடிப்பு கலையாமல் இருந்தது.

அந்த ஸ்கூட்டர் கல்யாணத்தின்போது வேன்காரர் ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளை கேட்கவே இல்லை. வேண்டாம் மாமா என்றுகூடச் சொன்னார். இப்போது சாவியை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இனிமே இது தேவைப்படாது மாமா. நீங்க வெச்சுக்குங்க."

வேன்காரருக்குச் சுருக்கென்றது. ஒட்டு உறவே வேண்டாம் என்று அறுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் போல என்று நினைத்தார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னார். மாப்பிள்ளை வாதாடவில்லை. லேசாகச் சிரித்தார். தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதும் குடித்தார். பிறகு தானே சமையலறைக்குப் போய் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்த வீட்டுச் சமையலறைக்குள் அவர் நுழைந்ததே அன்றுதான் முதல் தடவை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ரொம்ப நன்றி மாமா, எல்லாத்துக்கும்" என்றார். தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

அந்த நன்றிதான் முள்ளாகத் தைத்தது. அவர்கள் குடும்பத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. அதெல்லாம் வெளியாளுக்குச் சொல்வது. வேன்காரர் வெளியே போய் ஸ்கூட்டரைச் சுற்றிவந்தார். கழுவித் துடைத்திருந்தது. டாங்க் நிறைய பெட்ரோல். சீட்டுக்கடியில் வண்டியின் காகிதங்கள், பேர் மாற்றக் கையெழுத்துப் போட்டு, மாற்றுச் சாவியோடு ஒரு உறையில் இருந்தன. கோபத்தில் திருப்பிக் கொடுக்கிறவன் பெட்ரோல் நிரப்பிக் கொடுப்பானா? வெளிநாடு போகிறாரோ என்று ஒரு சமாதானம் தேடிப் பார்த்தார். வெளிநாடு போகிறவர் அதைச் சொல்லாமலா இருப்பார்?

மகளுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ என்றார்.

"இருக்கேன்பா" என்றாள். பிறகு, இத்தனை நாள் மென்று விழுங்கியதை எல்லாம் சொன்னாள். கல்யாணமான மூன்றாம் வருஷத்திலிருந்தே அவருக்கு அப்படித்தான். மாதக்கணக்கில் யாரோடும் பேசமாட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். வாழப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால், எனக்கு என்ன பைத்தியமா என்பார். அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து, ஆம்பளை மாதிரி இரு என்று புத்தி சொன்னதோடு சரி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே என்ன பார்க்கப்போகிறோமோ என்று பயந்து பயந்து, கடைசியில் தானும் அதேபோல் ஆகிவிடுவோம் என்று தோன்றியதால்தான் கிளம்பினாள்.

"நான் இப்ப போன் பண்ணினா, திரும்பி வந்துடுவேன்னு நினைப்பார். அது இன்னும் மோசம்பா. நீங்க போங்க. போய் நேரா கேளுங்க."

"என்னன்னு கேக்கறது?"

"சாகணும்னு நினைக்கிறீங்களான்னு கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு வந்துடுமோன்னு பயப்படாதீங்க. நானும் அப்படித்தான் பயந்து பயந்து கேக்காம விட்டேன்." ஆமாம் என்றால் தனியாக மட்டும் விடாதீர்கள் என்றாள். இலவசமாகப் பேசக்கூடிய ஒரு உதவி எண்ணையும் அனுப்பினாள்.

வேன்காரர் அந்த ஸ்கூட்டரிலேயே கிளம்பினார்.

மாப்பிள்ளை குடியிருந்தது ஒரு மாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில். கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. கதவைத் திறந்தவர் ஆச்சரியப்படக்கூட இல்லை. வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன; படங்கள் இல்லை. துணிமணிகள் மடித்துப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. வரைகிற பலகையை ஒரு துணி போட்டு மூடியிருந்தார். வேலைக்குப் போவதை நிறுத்திச் சில வாரம் ஆயிற்றாம். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டாராம். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

வேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். வெயிலைப் பற்றி ஆரம்பித்தார். ஸ்கூட்டர் நன்றாக ஓடுகிறது என்றார். உடம்பு இளைத்துவிட்டதே என்றார். மூன்றும் தீர்ந்துபோயின. மாப்பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்றுகூட அவர் கேட்டதில்லை. இதை எப்படிக் கேட்பது? எழுந்து ஜன்னல் வரைக்கும் போனார். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் கேட்டதாக ஆகாது என்று தோன்றியது. திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, சாகணும்னு நினைக்கிறீங்களா?"

மாப்பிள்ளை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கார் கழுவும் தண்ணீர்ச் சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது.

"ஆமா மாமா."

பிறகு தானாகவே சொல்லிக்கொண்டு போனார். களைப்பாக இருக்கிறது, தூங்கி எழுந்தாலும் அதே களைப்பு. பலகையில் கோடு போட்டால் கோடு நேராகத்தான் வருகிறது, ஆனால் அந்தச் சுவருக்குள் யாராவது குடியிருக்கப்போகிறார்கள் என்று நம்பவே முடியவில்லை. அவள் போனதால் வந்தது இல்லை மாமா, அவள்மேல் பழி போடாதீர்கள், அதற்கு முன்னாலேயே இருந்தது என்றார். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று வேன்காரரின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். என்ன சொல்வது என்று தெரியாததால், தெரிந்ததைச் சொன்னார்.

"என்கூட வாங்க. வீட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

கிளம்பும்போது, அதற்கென்று ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். மாப்பிள்ளை அலமாரியைத் திறந்து ஒரு காகிதப் பையை எடுத்துக் கொடுத்தார். வேன்காரர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதை எங்கே கொண்டுபோய் ஒழித்தார் என்று பிற்பாடு யாரிடமும் சொன்னதும் இல்லை.

மாப்பிள்ளை மகளுடைய பழைய அறையில் படுத்திருக்க, இவர் கொல்லைப்பக்கம் போய் அந்த உதவி எண்ணைக் கூப்பிட்டார். வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லி இசை போட்டார்கள். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். திரும்பவும் இசை. இத்தனை பேரா இதற்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. ஒருவழியாக ஒரு அம்மாவின் குரல் கேட்டது.

தெரிந்தவர் ஒருத்தர் ஒரு மாதிரி இருக்கிறார் என்று ஆரம்பித்தார். ஒரு மாதிரி என்றால் எப்படி என்று அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் நேராகக் கேட்டது நல்லது, அந்தப் பையை வாங்கியது அதைவிட நல்லது என்றார் அந்த அம்மா. தனியாக விட வேண்டாம். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, பார்ப்பதும் மருந்தும் எல்லாமே இலவசம், விடுமுறை முடிந்ததும் அழைத்துப் போங்கள். அதுவரைக்கும் நிலைமை மோசமானால், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள். அங்கே போனால் பூசி மெழுகாமல் சொல்லுங்கள் என்றும் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு,

"உங்களுக்குத் துணைக்கு யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"அதான் மாப்பிள்ளை இருக்காரே."

"அவருக்கு நீங்க இருக்கீங்க. உங்களுக்குக் கேட்டேன்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு இரவு ஒரே அறையில் இரண்டு பேரும் படுத்தார்கள். இவர் தூங்கவில்லை என்று அவருக்கும், அவர் தூங்கவில்லை என்று இவருக்கும் தெரிந்தே விடிந்தது.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் மாப்பிள்ளையை வேனின் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றினார். இந்த அங்கிள் ஏன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார் என்று பின்னால் பெரிய விவாதமே நடந்தது. ஃபெயிலாகி இருப்பார் என்று தீர்ப்பானது. மாப்பிள்ளை கேட்டாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைத் தாண்டி, ஈரப் படுக்கை விரிப்புகள் காயும் முற்றத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது அது. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் நீளமான வரிசை. முறை வந்ததும் வேன்காரர் குனிந்து, பின்னால் நிற்பவர்கள் காதில் விழாதபடி, இவருக்குக் கொஞ்சம் மனசு சரியில்லை, தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்று முணுமுணுத்தார். சீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கம் வரவில்லை என்றால் முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள் என்று வேறு கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கே இன்னொரு வரிசை. பொது மருத்துவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்குள் பிள்ளைகளை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

வேனில் ஏறிய மாப்பிள்ளை மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "விடுங்க மாமா. அதான் பாத்தாச்சு இல்ல" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் வேன்காரரை உலுக்கிவிட்டது. முயற்சி செய்தாகிவிட்டது, இனிமேல் யாருக்கும் கடன் இல்லை என்கிற மாதிரி ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரிக்காரர்கள்மேல் கோபப்படலாம் என்று பார்த்தார். ஆனால் அவர்களிடம் தான் சொன்னது என்ன? தூக்கம் வரவில்லை என்றார். தூக்கத்துக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொடுத்தார்கள்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கியதும் மரத்தடிக்குப் போனார். சீட்டாடுகிறவர்களில் சாயங்கால வண்டி ஓட்டாத ஒருவர் இருந்தார். எப்போதும் தொப்பியோடு இருப்பதால் எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர். இன்றைக்குச் சாயங்காலம் என் வேன் பிள்ளைகளை இறக்கிவிட முடியுமா, ஆஸ்பத்திரியில் நேரம் ஆகும் என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கேட்ட முதல் உதவி அது. தொப்பிக்காரர் ஏன் எதற்கு என்று துருவவில்லை. எந்தப் பிள்ளை எந்த முனையில் இறங்கும் என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு சாவிக்குக் கையை நீட்டினார்.

மறுபடியும் அதே ஜன்னல், அதே சீட்டுக்காரர். வேன்காரருக்கு முன்னால் ஒரு தாயும் மகளும், பின்னால் ஒரு பெரிய கும்பல். முறை வந்தது. இந்தத் தடவை அவர் குனியவில்லை.

"இவர் சாகணும்னு நினைக்கிறார். தனியா விட்டா செஞ்சுக்குவார். இன்னைக்கே டாக்டர் பாக்கணும்."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காது சிவந்துபோனதை வேன்காரர் பார்த்தார். பாவி, நாலு பேர் முன்னால் இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சீட்டுக்காரர் நிமிர்ந்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வாங்க என்று மாப்பிள்ளையின் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார். வரிசையில் ஒருவரும் நேரமாகிறது என்று சண்டைக்கு வரவில்லை. பின்னால் நின்ற ஒருவர், விழுந்துகிடந்த அவர்களுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து வேன்காரர் கையில் கொடுத்தார்.

உள்ளே ஓர் ஆலோசகர் அம்மா விவரம் எழுதிக்கொண்டார். சின்ன வயசு, குரல் மட்டும் தலைமையாசிரியர் குரல்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"மாமனார்."

மனைவி வரவில்லையா என்று கேட்டார். பிரிந்துவிட்டார்கள், தீர்ப்பும் ஆகிவிட்டது என்றார் வேன்காரர்.

"அப்ப நீங்க எப்படி மாமனார்?"

பழைய மாமனார் என்று சொல்லலாமா, அப்படி ஓர் உறவு இருக்கிறதா என்று வேன்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அவர் எங்க மாமாதான். அப்படியே எழுதிக்குங்க."

அந்த அம்மா இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.

டாக்டரும் ஒரு பெண்தான். மாப்பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார். வேன்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர் பெஞ்சில் ஒரு நடுத்தர வயதுக்காரர் தன் அப்பாவின் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஓர் இளம்பெண் யாரும் துணைக்கு இல்லாமல் தனியாக வந்து, தன் முறைக்காகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் எல்லாரும் இவ்வளவு காலம் எந்தத் தெருவில் இருந்தார்கள், நான் எப்படிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனேன் என்று அவருக்குத் தோன்றியது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு யாரோ அழுவது கேட்டது. மாப்பிள்ளையின் அழுகை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாததால், அது அவர்தானா என்றும் தெரியவில்லை.

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டுச் சொன்னது இதுதான். இது வியாதி. சோம்பலோ கோழைத்தனமோ இல்லை. குணப்படுத்த முடியும், ஆனால் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் வந்து பேச வேண்டும். அதுவரை ஒன்று, இங்கேயே வார்டில் சேர்க்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வேன்காரரைப் பார்த்தார். நான் இருக்கிறேன் என்றார் வேன்காரர். முடியாமல் போனால் உடனே இங்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்று டாக்டர் இரண்டு பேரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். மருந்துக் கவுண்டரில் மாத்திரைகளைக் கொடுத்து, எப்போது எது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. அதை நம்பாமல் வேன்காரர் கவுண்டரிலேயே கொஞ்ச நேரம் நின்றார்; அடுத்த ஆள் முழங்கையால் இடித்த பிறகுதான் நகர்ந்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களைச் சுகமான நாட்கள் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை தினமும் இரண்டு வேளையும் வேனில் வந்தார். மத்தியானங்களில் கடைசி சீட்டில் படுத்துக்கிடந்தார். மாத்திரை ஆரம்பத்தில் வாயைக் காயவைத்தது, கையை நடுங்கவைத்தது. ஒரே வீட்டில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு ஆண்கள் இருந்தார்கள். சமைத்ததைச் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், பேச்சு இல்லை. தனியாக இருந்தபோது இருந்த தனிமை பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது வருகிற தனிமைதான் ஆளைத் தின்கிறது என்று வேன்காரர் கண்டுகொண்டார். மகள் ஆறு வருஷம் இதில் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்கு அவளுக்குப் போன் போட்டார். எதற்குக் கூப்பிட்டார் என்று சொல்லத் தெரியாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

ஒருநாள் மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எவ்வளவோ நயமாகச் சொல்லிப் பார்த்த வேன்காரர் கடைசியில் பொறுமை இழந்து, நானும் மனுஷன்தான், எனக்கும் வயசாகிறது என்று கத்திவிட்டார். தப்பாகப் போய்விடுமோ என்று பயந்து, கதவோரம் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து மாப்பிள்ளை எழுந்து வந்து சட்டையை மாட்டிக்கொண்டார். உங்களுக்காக வருகிறேன் மாமா, எனக்காக இல்லை என்றார். எதற்காக வந்தாலும் சரி என்றார் வேன்காரர்.

மாற்றம் எந்த நாளில் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு காலையில், முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளை, நீங்கள் தினமும் சுற்றிக்கொண்டு போகிறீர்கள், இந்தச் சந்தில் திரும்பினால் பாதி தூரம் மிச்சம் என்றார். அந்தச் சந்தின் யோக்கியதை வேன்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் திருப்பினார். நடுச்சந்தில் குப்பை லாரி ஒன்று நின்றிருந்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல் மணி போய்விடும் என்று பாட்டே கட்டிவிட்டார்கள்.

"வரைபடத்துல சரியாத்தான் இருந்துச்சு" என்று மாப்பிள்ளை முனகினார்.

"வரைபடத்துல குப்பை லாரி போட மாட்டீங்களே மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ தும்மல் மாதிரிதான் இருந்தது, ஆனாலும் அது சிரிப்புதான்.

அடுத்த சில மாதங்களில் அவர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தார். வீட்டிலேயே பலகையை வைத்துச் சின்னச் சின்ன வேலைகள் செய்தார். பிறகு வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆலோசகர் அம்மா அந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று பேசி ஏற்பாடு செய்து கொடுத்தார். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்று தலைமையாசிரியர் குரலில் கண்டித்தும் அனுப்பினார்.

இங்கேயே வேலை பார்க்கக் கூடாதா என்று வேன்காரர் கேட்கவில்லை. ஆனால் கேட்டது மாதிரியே மாப்பிள்ளை பதில் சொன்னார்.

"உங்க நெத்தி அப்படியே அவளுக்கு மாமா. தினமும் காலையில பாக்கறேன். எனக்கு அதுலேருந்து கொஞ்சம் தள்ளி இருக்கணும்."

வேன்காரருக்கு வலித்தது. தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அதை எங்கே கழற்றி வைப்பது என்றார். இரண்டு பேரும் சிரித்துவைத்தார்கள். பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு, வாரம் ஒருமுறை போன் பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னார். பஸ் போன பிறகும் அந்த இடத்தைவிட்டு நகரத் தோன்றவில்லை. அடுத்த பஸ் வந்து ஹாரன் அடித்ததும்தான் விலகினார்.

வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. சாப்பாட்டை அளவு தெரியாமல் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு மறுநாளும் அதையே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். ரூமில் சுவர் ஓதம் காக்கிறது, மேல்வீட்டுக்காரன் நாற்காலியை இழுக்கிறான், இந்த வாரம் பரவாயில்லை, போன வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, ஆலோசகரிடம் சொன்னேன். வேன்காரர் ம் ம் என்று கேட்டுக்கொள்வார். வாரம் முழுக்க அந்தப் பேச்சை நோக்கித்தான் அவருடைய நாட்கள் நகர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

வெளிச்சம் மங்கும்வரை பார்த்தார். இவர் கூப்பிட்டபோது மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். கடைசி பஸ்ஸைப் பிடித்தால்கூட எப்போது போய்ச் சேருவது, அந்த ஊரில் யாரைத் தெரியும்? அந்த ஊர் ஆஸ்பத்திரி எண் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மாமா, கூப்பிட்டிருந்தீங்களா?" பின்னணியில் ஒரே இரைச்சல். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்களாம், பந்து விளையாட்டு பார்க்க. "மறந்தே போயிட்டேன் மாமா. மன்னிச்சுக்குங்க."

யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. இதோ வந்துவிட்டேன் என்று மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்தக் குரலை வேன்காரர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"மறந்தா மறந்துட்டுப் போங்க மாப்பிள்ளை. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

போனை வைத்தார். போட்ட சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. சந்தோஷம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்திருக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.